ஸ்பிளிட் ஸ்கிரீன்: நினைத்தபடி நகர்த்தும்படி திரையைப் பிரிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரையை இரண்டாக, மூன்றாகப் பிரித்துக் காட்டுவது பற்றி எனக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கல்யாண வீடியோ எடிட் செய்பவர், சமையல் சேனல் நடத்துபவர், விஸ்காம் மாணவர் என்று கேட்பவர்தான் மாறுகிறார். ஒவ்வொருவருக்கும் வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

விளக்கம் பெரும்பாலும் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளை வைத்துத்தான். இன்னொரு மென்பொருளான பிரீமியர் புரோவில் வழி மாறும் இடங்களில் அதையும் சொல்கிறேன். தனியாகச் சொல்லாத இடங்களில் டைம்லைனும் (க்ளிப்புகளை அடுக்கும் இடம்) க்ளிப்பும் 1920-க்கு 1080 பிக்சல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிளிட் ஸ்கிரீனுக்கு எந்த எஃபெக்ட் போடணும்? லிஸ்ட் முழுக்கத் தேடிட்டேன், அந்தப் பேர்ல ஒண்ணுமே இல்லையே?

தனி எஃபெக்ட் தேவையில்லை. ஒரு க்ளிப்பை முதல் வீடியோ டிராக்கிலும் இன்னொன்றை அதற்கு மேல் டிராக்கிலும் வையுங்கள். ஒவ்வொன்றையும் கிராப் செய்து வேண்டாத பகுதியை வெட்டுங்கள், பொசிஷனை மாற்றி அதனதன் இடத்தில் நிறுத்துங்கள். அவ்வளவுதான். ரிசால்வில் இரண்டுமே இன்ஸ்பெக்டர் என்ற அமைப்புப் பலகத்தில் இருக்கின்றன. பிரீமியரில் பொசிஷன் மோஷன் பகுதியில் ஏற்கெனவே இருக்கும். மோஷனிலேயே கிராப் இல்லாத பதிப்பு என்றால் கிராப் எஃபெக்ட்டை மட்டும் நீங்கள் இழுத்துப் போட வேண்டும்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பிளிட் ஸ்கிரீனில் இரண்டு விஷயங்கள் உண்டு: ஜன்னல், அதற்குப் பின்னால் தெரியும் காட்சி. ஜன்னல் எவ்வளவு பெரியது, எங்கே இருக்கிறது என்பது ஒரு கணக்கு. ஜன்னல் வழியாகக் காட்சியின் எந்தப் பகுதி தெரிகிறது என்பது வேறு கணக்கு. கீழே வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருவது.

சரி, ரெண்டு சம பாதியா பிரிக்க என்ன நம்பர்? கையால இழுத்தா எப்பவும் கொஞ்சம் இடிக்குது.

கையால் இழுக்காதீர்கள், எண்ணைத் தட்டுங்கள். ரிசால்வில் இரண்டு க்ளிப்புக்கும் கிராப் லெஃப்ட் 480, கிராப் ரைட் 480. இடது பக்கத்துக்குப் போகும் க்ளிப்புக்கு பொசிஷன் எக்ஸ் -480, வலது பக்கத்துக்கு 480. நடுவில் இருக்கும் 960 பிக்சல் மட்டும் மிஞ்சி, இரண்டும் ஒட்டி உட்கார்ந்துவிடும்.

பிரீமியரில் கிராப் சதவீதத்தில் இருக்கும்: இடதும் வலதும் 25. பொசிஷன் திரையின் இடது மேல் மூலையிலிருந்து எண்ணப்படும், ஆகவே ஒன்றுக்கு 480, 540. மற்றதற்கு 1440, 540. அங்கே மோஷன் எப்போதும் கிராப்புக்குப் பிறகுதான் கணக்கிடப்படும். வெட்டிய துண்டைத்தான் அது நகர்த்துகிறது. இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

ஆள் நடுவுல இல்ல, ஓரமா உக்காந்திருக்கார். பாதியா வெட்டினா முகமே பாதி போயிடுதே?

பாதித் திரை என்பது 960-க்கு 1080. அகலத்தைவிட உயரம் கூடுதல், ஏறக்குறைய சதுரம். அகலமாக எடுத்த காட்சியில் சரிபாதியைத் தூக்கி எறிகிறீர்கள். அதை இரு பக்கமும் சமமாகத்தான் எறிய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆள் வலது ஓரத்தில் இருந்தால் இடதில் 700, வலதில் 260 வெட்டுங்கள். இரண்டும் சேர்ந்து 960 வந்தால் போதும்.

பொசிஷனுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. இடது ஜன்னலுக்கு, இடதில் எவ்வளவு வெட்டினீர்களோ அதே எண்ணை மைனஸாகப் போடுங்கள். இந்தக் காட்சிக்கு -700. வலது ஜன்னலுக்கு, வலதில் வெட்டிய எண்ணை அப்படியே பிளஸ்ஸாகப் போடுங்கள். முந்தைய பதிலில் 480 இரண்டு இடத்திலும் வந்ததும் இதனால்தான். ஜூம் 1 ஆக இருக்கும்வரை இது சரியாக வரும். ஜூம் மாற்றியிருந்தால் இந்தக் குறுக்குவழி செல்லாது.

எடுப்பதற்கு முன்பே பிரிக்கப்போவது தெரிந்தால் ஆளை நடுவில் நிறுத்தி எடுங்கள். இரண்டு பேர் போனில் பேசும் காட்சி என்றால் இடது பக்கம் வரப்போகிறவர் வலதையும், வலது பக்கம் வரப்போகிறவர் இடதையும் பார்த்துப் பேச வேண்டும். இல்லையென்றால் கோபித்துக்கொண்டு முகம் திருப்பியவர்கள்போலத் தெரிவார்கள்.

நடுவுல வெள்ளைக் கோடு எப்படிப் போடறது?

எளிய வழி, கோடே போடாமல் இடைவெளி விடுவது. இரண்டு க்ளிப்பையும் ஒரு டிராக் மேலே ஏற்றிவிட்டு, எல்லாவற்றுக்கும் கீழே வெள்ளை சாலிட் கலர் ஒன்றை வையுங்கள். 20 பிக்சல் கோடு வேண்டுமென்றால் ஒவ்வொரு ஜன்னலும் 950. கிராப் இரு பக்கமும் 485, பொசிஷன் -485, 485. மேலே சொன்ன குறுக்குவழிதான் இங்கேயும். பளீர் வெள்ளையைவிடச் சற்று மங்கலான வெள்ளை கண்ணை உறுத்தாது என்பது என் கருத்து.

மூணா, நாலா பிரிக்கணும்னா?

நான்குதான் எல்லாவற்றிலும் சுலபம். ஒவ்வொரு ஜன்னலும் 960-க்கு 540, அதாவது அதே 16-க்கு 9 விகிதம். எதையும் வெட்ட வேண்டாம், ஜூமை 0.5 ஆக்கி, பொசிஷன் எக்ஸ் 480 அல்லது -480, ஒய் 270 அல்லது -270 போட்டால் முடிந்தது.

மூன்று செங்குத்துப் பட்டைகள் என்றால் ஒவ்வொன்றும் 640. ஒரு முழு ஆள் நிற்கும் காட்சிக்குத்தான் அது பொருந்தும். இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதை அந்தப் பட்டைக்குள் திணிக்க முடியாது.

ரிசால்வ் 17-இலிருந்து வீடியோ கொலாஜ் என்று ஓர் எஃபெக்ட் இருக்கிறது. வரிசை எத்தனை, நெடுவரிசை எத்தனை, ஓர இடைவெளி எவ்வளவு என்று கேட்டு அதுவே கட்டம் போட்டுத் தரும். ஒன்பது க்ளிப், பன்னிரண்டு க்ளிப் என்று போகும்போது நான் அதைத்தான் பயன்படுத்துவேன். இரண்டு மூன்றுக்கு மேலே சொன்ன கணக்கே வேகம்.

போன்லதான் எடிட் பண்றேன். கம்ப்யூட்டர் இல்லாம முடியுமா?

முடியும். லேயர், கிராப், கீஃப்ரேம் (நேரம் போகப் போக எண் மாறும்படி குறித்துவைப்பது) மூன்றும் உள்ள எந்த ஆப்பிலும் முடியும். ஒரு வீடியோவை அடியில் வைத்து, இன்னொன்றை லேயராகச் சேர்த்து, கிராப் செய்து நகர்த்துங்கள். பல ஆப்களில் எண் தட்டும் வசதி இல்லாததால் துல்லியம் சற்றுக் குறையும். அதை மறைக்க நடுவில் ஒரு தடித்த கோடு வைத்துவிடுங்கள், யாருக்கும் தெரியாது.

ஜன்னல் அப்படியே இருக்கணும், உள்ள இருக்கற படம் மட்டும் நகரணும். பொசிஷன் மாத்தினா எல்லாமே சேர்ந்து ஓடுதே?

முதல் பதிலில் சொன்ன குழப்பம் இதுதான். நீங்கள் நகர்த்துவது காட்சியை அல்ல, வெட்டிய துண்டை. காட்சியை முதலில் நகர்த்திவிட்டு, பிறகு ஜன்னலை வெட்ட வேண்டும். வரிசையை மாற்றுவதுதான் வேலை.

பிரீமியரில்: க்ளிப்பின் மேல் டிரான்ஸ்ஃபார்ம் எஃபெக்ட்டைப் போடுங்கள், அதற்குக் கீழே கிராப். எஃபெக்ட்டுகள் மேலிருந்து கீழாகக் கணக்கிடப்படுவதால், டிரான்ஸ்ஃபார்மில் பொசிஷனை மாற்றினால் ஜன்னலுக்குப் பின்னால் படம் மட்டும் நகரும். மோஷனில் மாற்றினால் ஜன்னலோடு சேர்ந்து நகரும். இரண்டு கைப்பிடியும் தனித்தனியாக உங்கள் கையில் இருக்கும்.

ரிசால்வின் எடிட் பேஜில்: க்ளிப்பை வலது கிளிக் செய்து காம்பவுண்ட் க்ளிப் (க்ளிப்பை உள்ளே வைத்த ஓர் உறை) ஆக்குங்கள். அதைத் திறந்து உள்ளே பொசிஷனையும் ஜூமையும் மாற்றினால் காட்சி நகரும். வெளியே வந்து காம்பவுண்டின் மேல் கிராப், பொசிஷன் போட்டால் அது ஜன்னல். பிரீமியரில் நெஸ்ட் செய்வதும் இதே வேலையைத்தான் செய்கிறது. உள்ளே படத்தை ஓரத்துக்கு இழுக்கும்போது கறுப்பு தெரியாமல் இருக்கக் கொஞ்சம் ஜூம் தேவைப்படும். 4கே ஃபுட்டேஜாக இருந்தால் அந்த ஜூமில் தரம் குறையாது.

வீடு பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி, பின்னாடி காட்டற மாதிரி, நடுக்கோடு மட்டும் இடமிருந்து வலமா போகணும்.

இது முந்தையதைவிட எளிது. ஏனென்றால் இங்கே எதையும் நகர்த்தத் தேவையே இல்லை. பழைய வீட்டின் காட்சி கீழ் டிராக்கில், புதியது மேல் டிராக்கில், இரண்டும் முழுத்திரை. மேல் க்ளிப்பின் கிராப் ரைட்டை மட்டும் 1920-இலிருந்து 0 வரை கீஃப்ரேம் செய்யுங்கள். பிரீமியரில் 100 சதவீதத்திலிருந்து 0. கீழ் க்ளிப்பைத் தொடவே வேண்டாம்.

இரண்டு காட்சியும் ஒரே இடத்திலிருந்து எடுத்தவையாக இருப்பதுதான் இதில் கஷ்டம். பெயிண்ட் வேலை பத்து நாள் நடக்கும், டிரைபாட் அங்கேயே நிற்காது. கால்கள் ஊன்றிய இடத்தைத் தரையில் டேப்பால் குறித்துவையுங்கள், டிரைபாட் உயரத்தையும் லென்ஸையும் எழுதிவையுங்கள். மிச்சமிருக்கும் சின்ன வித்தியாசத்தை மேல் க்ளிப்பின் ஒப்பாசிட்டியை 50 ஆக்கி, ஜன்னல் சட்டம், படிக்கட்டு போன்ற நேர்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை ஜூம், ரொட்டேஷன், பொசிஷனைத் திருத்திச் சரிசெய்யலாம். திருத்தம் முடிந்ததும் ஒப்பாசிட்டியை மறுபடி 100 ஆக்கி, காம்பவுண்ட் ஆக்கிவிட்டு அதன் மேல் கிராப் போடுங்கள், கோடு சாயாமல் இருக்கும்.

கோடு நகரும்போது ரெண்டு பக்கமும் இருக்கற ஆளுங்க அவங்கவங்க பகுதியோட நடுவுலயே இருக்கணும். ஒரே ஸ்லைடர்ல நடக்குமா?

நடக்கும். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதை எடிட் பேஜில் செய்தால் ஒவ்வொரு க்ளிப்புக்கும் கிராப், பொசிஷன் என்று நான்கைந்து எண்களைக் கீஃப்ரேம் செய்ய வேண்டிவரும். வாடிக்கையாளர் கோட்டைக் கொஞ்சம் தள்ளச் சொன்னால் அத்தனையையும் திரும்பத் திருத்த வேண்டும். ரிசால்வுக்குள்ளேயே இருக்கும் எஃபெக்ட் பகுதியான ஃபியூஷனில் ஒரே எண்ணில் கட்டிவிடலாம்.

ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு க்ளிப்பையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் நியூ ஃபியூஷன் க்ளிப். ஃபியூஷன் பேஜில் ஒவ்வொரு வேலைக்கும் நோடு என்று ஒரு பெட்டி. க்ளிப் உள்ளே வரும் மீடியாஇன் இரண்டு, அவற்றை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் மெர்ஜ் ஒன்று தயாராக இருக்கும். ஒவ்வொரு மீடியாஇன்னுக்கும் பிறகு ஒரு டிரான்ஸ்ஃபார்ம் நோடு சேருங்கள். மேல் க்ளிப் இடது பக்கத்துக்கு. ஒரு ரெக்டாங்கிள் மாஸ்க் எடுத்து மெர்ஜின் நீல முக்கோணத்தில் இணையுங்கள். ரெக்டாங்கிளின் உயரம் 1. அதன் அகலம், அதாவது விட்த், இனி உங்கள் ஒரே ஸ்லைடர். ஃபியூஷனில் திரையின் இடது ஓரம் 0, வலது ஓரம் 1 என்பதால் எந்த ரெசல்யூஷனுக்கும் இந்தக் கணக்கு மாறாது.

இனி மூன்று எக்ஸ்பிரஷன்கள், அதாவது ஓர் எண்ணை இன்னொன்றிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளும் சூத்திரங்கள். ரெக்டாங்கிளின் சென்டர் எக்ஸ், விட்த்தில் பாதி. இதனால் அதன் இடது விளிம்பு எப்போதும் திரையின் ஓரத்திலேயே ஒட்டியிருக்கும், வலது விளிம்பு மட்டும் நகரும். அந்த விளிம்புதான் உங்கள் கோடு. இடது காட்சியின் டிரான்ஸ்ஃபார்ம் சென்டர் எக்ஸும் விட்த்தில் பாதி. வலது காட்சியின் டிரான்ஸ்ஃபார்ம் சென்டர் எக்ஸ், விட்த்தோடு 1 கூட்டி அதில் பாதி. மூன்றிலும் ஒய் 0.5. சரிபார்க்க விட்த்தை 0.5 ஆக்கிப் பாருங்கள்: இடது காட்சி 0.25-இலும் வலது காட்சி 0.75-இலும் நிற்கும், அதாவது பழைய -480, 480. இப்போது 0.7-க்கு இழுங்கள்: 0.35-க்கும் 0.85-க்கும் போகும். ஓரத்தில் எங்கேயும் கறுப்பு எட்டிப்பார்க்காது. விட்த் 1 என்றால் இடது காட்சி முழுத்திரை, 0 என்றால் வலது காட்சி முழுத்திரை. பிரிந்த திரையிலிருந்து ஒருவரின் முழுத்திரைக்குப் போவதற்கும் இதே ஸ்லைடர்தான்.

கோடு வேண்டுமென்றால் ஒரு பேக்கிரவுண்ட் நோடு, அதற்குத் தனி ரெக்டாங்கிள், உயரம் 1, அகலம் 0.004, அதன் சென்டர் எக்ஸ் முதல் ரெக்டாங்கிளின் விட்த். இன்னொரு மெர்ஜில் இதை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். 1920-இல் ஏறக்குறைய 8 பிக்சல் வரும். விட்த் 0-க்கோ 1-க்கோ போகும்போது கோட்டின் பாதி திரை விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கடைசிச் சில ஃபிரேம்களில் அந்த மெர்ஜின் பிளெண்டை 0 ஆக்கிவிடுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் வேலை செய்பவர்கள் ஒரு நல் (null) லேயரில் ஸ்லைடர் கண்ட்ரோல் வைத்து இதே கணக்கைப் பிக்சலில் எழுதிக்கொள்ளலாம்.

இதை ஒவ்வொரு ப்ராஜெக்ட்லயும் திரும்பக் கட்டணுமா?

வேண்டாம். ஃபியூஷன் நோடுகளைத் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினால் வெறும் எழுத்தாக விழும். அதைச் சேமித்துவைத்து, வேண்டும்போது திரும்ப ஃபியூஷனில் ஒட்டினால் நோடுகளாகவே வந்து நிற்கும். நண்பருக்கு அனுப்புவதும் அப்படித்தான். மேக்ரோவாகவும் சேமிக்கலாம்; சேமிக்கும்போது விட்த்தை மட்டும் டிக் செய்தால் வெளியே அந்த ஒரு ஸ்லைடர்தான் தெரியும். ஆனால் எடிட் பேஜில் க்ளிப்பின் மேல் போடும் எஃபெக்ட்டுக்கு அந்த ஒரு க்ளிப்தான் உள்ளே வரும். இரண்டு க்ளிப்பையும் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் ஃபியூஷன் க்ளிப்புக்குள் ஒட்டுவதே வழி.

அண்ணா, கோடு நகருது, ஆனா பவர்பாயிண்ட் மாதிரி இருக்கு. டிவில வர்ற மாதிரி இல்லையே?

லீனியர் கீஃப்ரேம். சட்டென்று கிளம்பிச் சட்டென்று நிற்கிறது. ஈஸ் இன், ஈஸ் அவுட் போடுங்கள். கர்வ் எடிட்டரில் பார்த்தால் கோடு நேராக இல்லாமல் எஸ் போல வளைந்திருக்க வேண்டும். 25 ஃபிரேம் டைம்லைனில் 12 முதல் 20 ஃபிரேம் வரை நல்ல நீளம். அதற்கு மேல் இழுத்தால் பார்ப்பவருக்குக் கதையைவிடக் கோடு பெரிதாகிவிடும். பிரீமியரின் டிரான்ஸ்ஃபார்ம் எஃபெக்ட்டில் ஷட்டர் ஆங்கிளை 180 ஆக்கினால் மோஷன் பிளர் கிடைக்கும், வேகமான நகர்வுக்கு அது உதவும்.

ரெண்டு படமும் சேர்ற இடத்துல மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு மின்னுது. நான் போடவே இல்ல.

விளிம்பு பிக்சலுக்கு நடுவில் விழுகிறது. 480.5 போன்ற எண் இருந்தாலோ, ஜூம் செய்திருந்தாலோ, கோடு நகரும்போதோ இரண்டு விளிம்புகளும் பாதி ஒளிபுகும்படி ஆகி, பின்னால் இருக்கும் கறுப்பு தெரிகிறது. எண்ணை முழு எண்ணாக்குவது ஒரு மருந்து. அதைவிட நல்லது, கீழ் க்ளிப்பைக் கோடு இருக்கும் பக்கம் வெட்டாமல் விடுவது. மேல் க்ளிப்பின் விளிம்புக்கு அடியில் அது நீண்டு கிடந்தால் கறுப்பு தெரிய வழியே இல்லை. மேலே பெயிண்ட் வீட்டிலும் ஃபியூஷன் கணக்கிலும் இந்தத் தொல்லை வராதது இதனால்தான்.

கலர் பேஜ்ல ஸ்பிளிட் ஸ்கிரீன் பட்டன் அழுத்தினேன், சூப்பரா தெரிஞ்சுது. எக்ஸ்போர்ட் பண்ணினா ஒண்ணுமே இல்ல!

அது எடிட்டர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வசதி. வியூவரில் மட்டும்தான் தெரியும், ரெண்டரில் வராது. ஸ்டில்லை வைத்து வைப் செய்து பார்ப்பதும் அப்படியே. கலர் செய்வதற்கு முன், பின் என்று பார்வையாளருக்குக் காட்ட வேண்டுமென்றால் அதே க்ளிப்பை இரண்டு டிராக்கில் வைத்து, ஒன்றுக்கு மட்டும் கிரேடு செய்து, பெயிண்ட் வீட்டுக் கேள்வியில் சொன்னபடி கிராப்பை நகர்த்துங்கள்.

ரீல்ஸுக்கு மேல ஒருத்தர், கீழ ஒருத்தர் வரணும். ரெண்டுமே படுக்கை வீடியோ.

டைம்லைன் 1080-க்கு 1920. ஜன்னல் ஒவ்வொன்றும் 1080-க்கு 960. ரிசால்வ் படுக்கை வீடியோவை அகலத்துக்குப் பொருத்தி உள்ளே கொண்டுவரும், அப்போது உயரம் 608 அளவுக்குத்தான் இருக்கும். ஜூம் 1.581 கொடுத்தால் 960 வந்துவிடும். பொசிஷன் ஒய் மேலே இருப்பவருக்கு 480, கீழே இருப்பவருக்கு -480. பக்கவாட்டில் மிஞ்சுவது திரைக்கு வெளியே போய்விடுவதால் கிராப்பே வேண்டாம். பிரீமியரில் ஒய் கீழ்நோக்கி எண்ணப்படும் என்பதை மறக்காதீர்கள்.

மூல வீடியோவின் 1920 அகலத்தில் ஏறக்குறைய 1215 தெரியும். இரண்டாகப் பிரித்த படுக்கைத் திரையில் 960-தான் தெரிந்தது, ஆகவே இது தாராளம். கீழ் ஜன்னலின் அடிப்பகுதியில் ஆப் காட்டும் கணக்குப் பெயர், தலைப்பு எல்லாம் வந்து உட்காரும். முக்கியமான எதையும் அங்கே வைக்காதீர்கள்.

ரெண்டு கேமரால ஒரே பாட்டு ஷூட் பண்ணினோம். ஆரம்பத்துல சரியா இருக்கு, போகப் போக உதடு விலகுது.

பெரும்பாலும் போன் ஃபுட்டேஜ்தான் காரணம். பல போன்கள் ஃபிரேம் ரேட்டைச் சீராக வைக்காமல் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்கின்றன. எடிட்டுக்குக் கொண்டுவரும் முன் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு ரிசால்வ் டைம்லைனில் இரண்டையும் தேர்ந்தெடுத்து ஆட்டோ அலைன் க்ளிப்ஸ், வேவ்ஃபார்ம் என்று கொடுத்தால் ஒலியை வைத்துப் பொருத்திவிடும். ஷூட்டில் ஒரு கைதட்டல் பதிவாகியிருந்தால் இன்னும் நல்லது.

தனித்தனி நேரத்தில் போனால் யாரும் கவனிக்காத ஒரு ஃபிரேம் வித்தியாசம், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மத்தளத்தின் அடியில் பளிச்சென்று தெரியும். 25 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்ட்.

ரெண்டு ஆடியோவையும் வெச்சா கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கே?

ஒரே ஒலியை இரண்டு மைக் சிறு தாமதத்தோடு பதிவு செய்திருக்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மியூட் செய்யுங்கள். தனித்தனி ஆட்கள் தனித்தனி இடத்தில் பேசியது என்றால் யார் பேசுகிறாரோ அவர் டிராக்கை மட்டும் ஏற்றி, மற்றதை இறக்குங்கள்.

நாலு 4கே வீடியோவையும் ஒண்ணா ஓட்டினா சிஸ்டம் படுத்துடுது.

நான்கையும் ஒரே நேரத்தில் டீகோட் செய்கிறது, படுக்கத்தான் செய்யும். பிராக்சி மீடியா (எடிட்டுக்கு மட்டுமான சிறிய நகல்) உருவாக்கிக்கொள்ளுங்கள், அல்லது பிளேபேக் மெனுவில் டைம்லைன் ஓடும் ரெசல்யூஷனைப் பாதி, கால் என்று இறக்குங்கள். நான்காகப் பிரித்த திரையில் ஒவ்வொன்றும் சின்னதுதானே, எடிட் செய்யும்போது வித்தியாசமே தெரியாது.

ஒரே ஆள் ரெண்டு பேரா வரணும், டபுள் ஆக்ஷன் மாதிரி. கோடு தெரியவே கூடாது.

இதுவும் ஸ்பிளிட் ஸ்கிரீன்தான், கோட்டை மறைத்துவிட்ட ஸ்பிளிட் ஸ்கிரீன். ஃபிலிம் காலத்தில் லென்ஸுக்கு முன் பாதியை மறைத்து எடுத்து, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியை மறைத்து அதே ஃபிலிமில் மறுபடி எடுப்பார்கள். பழைய இரட்டை வேடப் படங்களில் இருவரும் நடுவைத் தாண்டாமல் பேசிக்கொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இன்று நமக்கு இருக்கும் வசதி, கோட்டை எடுத்த பிறகும் நகர்த்தலாம் என்பதே.

எடிட் வேலை ஐந்து நிமிடம். கீழ் டிராக்கில் ஒரு டேக் முழுதாக, மேல் டிராக்கில் இன்னொரு டேக், அதற்கு மட்டும் ஒரு பக்கம் கிராப், கிராப் சாஃப்ட்னஸ் கொஞ்சம். உண்மையான வேலை ஷூட்டில். டிரைபாடை யாரும் தொடக்கூடாது. எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றும் மேனுவலில். போன் என்றால் திரையை அழுத்திப் பிடித்து லாக் செய்யுங்கள். ஸ்டெபிலைசேஷன் ஆஃப். ட்யூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் 50-இல் ஒரு பங்கு. இல்லையென்றால் இரண்டு பாதியும் வெவ்வேறு தாளத்தில் மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

கோடு விழும் இடத்தில் தூணோ கதவு நிலையோ இருந்தால் அதிர்ஷ்டம். திரைச்சீலை, மின்விசிறியின் நிழல், ஆடும் செடி இருந்தால் அங்கே கோட்டைக் கொண்டுபோகாதீர்கள். வெளியே எடுத்தால் இரண்டு டேக்குக்கும் நடுவில் சாப்பாட்டு இடைவேளை விடாதீர்கள்; மரத்தடி நிழல் நகர்ந்திருக்கும். பெரும்பாலும் மாட்டிவிடுவது ஆளின் நிழல்தான். உடம்பு கோட்டுக்கு இந்தப் பக்கம், நிழலின் தலை அந்தப் பக்கம் என்று பாதியில் அறுந்து நிற்கும். விளக்கைச் சற்று ஓரமாகத் தள்ளினால் சரியாகிவிடும்.

அதே டபுள் ஆக்ஷன்ல ஒருத்தர் நடந்து நடுவைத் தாண்டணும். அப்புறம் கைகுலுக்கவும் செய்யணும்!

தாண்டுவது முடியும், இருவரும் எந்த ஃபிரேமிலும் ஒட்டாமல் இருந்தால். இடதில் இருப்பவர் வலப்பக்கம் நகரும்போது வலதில் இருப்பவரும் அதே அளவு நகர்ந்திருக்க வேண்டும். அப்போது இருவருக்கும் நடுவில் இருக்கும் காலி இடத்தின் வழியாகக் கிராப்பைக் கீஃப்ரேம் செய்து கோட்டை ஓட்டலாம். பின்னணி இரண்டு டேக்கிலும் ஒன்றேயாக இருப்பதால் கோடு ஓடுவது யாருக்கும் தெரியாது. இங்கே ஃபியூஷன் கணக்கைப் போடாதீர்கள். அது காட்சியையும் நகர்த்திவிடும். நமக்கு ஜன்னல் மட்டும் நகர வேண்டும்.

கைகுலுக்கல் நேர்கோட்டால் ஆகாது. கை மட்டும் கோட்டைத் தாண்டும் அந்தச் சில ஃபிரேம்களுக்கு, கையைச் சுற்றி பாலிகன் மாஸ்க் போட்டு ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்த வேண்டும். அப்படியே செய்தாலும் இரண்டு டேக்கிலும் கை காற்றைத்தான் பிடித்திருக்கும், பிடி இறுகாது. அதே உயரமுள்ள இன்னொருவருக்கு அதே சட்டையைப் போட்டு, முதுகு காட்டி நிற்கவைத்து, தோளுக்குப் பின்னாலிருந்து கைகுலுக்கலை மட்டும் தனி ஷாட்டாக எடுத்துவிட்டு, அடுத்த ஷாட்டில் ஸ்பிளிட்டுக்குத் திரும்புங்கள். எடிட்டருக்கு ஒரு ராத்திரி மிச்சம்.